நோட்டீஸைப் படமாக ஏற்றாதீர்கள்: இணையதளம் செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குன்னூர், ஊட்டி, கோத்தகிரி பக்கம் ஹோம்ஸ்டே, தேயிலைக் கடை, அறக்கட்டளை என்று இணையதளம் செய்து கொடுக்கும் பிள்ளைகள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். முடித்ததும் என்னிடம் காட்டி, "எப்படி இருக்குண்ணா?" என்பார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். பார்வையில்லாதவர் இதில் எப்படி ரூம் போடுவார் என்று கேட்டால்தான் முழிப்பார்கள். படத்துக்கு விளக்கம் எழுது, வீடியோவுக்கு சப்டைட்டில் போடு என்பதையெல்லாம் எந்த யூட்யூப் பாடத்திலும் கேட்கலாம், அதை விட்டுவிடுகிறேன். எங்கள் காலத்தில் நாங்கள் செய்து வைத்ததையே இவர்களும் அச்சுப் பிசகாமல் செய்கிறார்களே, அவற்றை மட்டும் சொல்கிறேன்.

அறிவிப்பை ஸ்கேன் செய்து ஏற்றுவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். ஒருவர் கணினியில் அறிவிப்பை டைப் செய்கிறார். பிரிண்ட் எடுத்து, கையெழுத்து வாங்கி, ரப்பர் ஸ்டாம்ப் குத்துகிறார். அப்புறம் அதை ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கித் தளத்தில் ஏற்றுகிறார். எழுத்தாக இருந்ததைப் பாடுபட்டுப் படமாக்கியாயிற்று. திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் ஸ்க்ரீன் ரீடருக்கு அதில் வாசிக்க ஓர் எழுத்துகூட இல்லை.

ஒரு ஐப்பசி மழையில் குன்னூர்–மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்துவிட்டது. பார்வையற்ற நண்பர் ஒருவர் அன்று கோவைக்கு டாக்டரைப் பார்க்கப் போக வேண்டும். ஓர் அலுவலகத்தின் தளத்தில் அறிவிப்பு உரிய நேரத்தில் வந்திருந்தது, ஸ்கேன் செய்த படமாக. அவருடைய ஆண்ட்ராய்டு போனில் இருக்கும் டாக்பேக் என்ற ஸ்க்ரீன் ரீடர் தலைப்பை மட்டும் வாசித்தது. ஃபைலைத் திறந்ததும் வாயை மூடிக்கொண்டது. பர்லியார் வழி அடைப்பு, கோத்தகிரி வழியாகப் போகவும் என்பதுதான் அதில் இருந்த விஷயம். அவர் பஸ் ஸ்டாண்டு வரை நனைந்துகொண்டே போய், யாரையோ கேட்டுத்தான் தெரிந்துகொண்டார். "யாரோ டைப் பண்ணித்தானே பிரிண்ட் எடுத்திருப்பாங்க, அந்த எழுத்து எங்க போச்சு?" என்று என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி.

சரி, ஸ்கேன் வேண்டாம், வேர்டிலிருந்தே பிடிஎஃப் எடுக்கிறோம் என்பார்கள். அதிலும் ஒரு குழி உண்டு. பாமினி மாதிரியான பழைய எழுத்துருவில் அடித்திருந்தால் கண்ணுக்குத்தான் அது தமிழ், உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். 'அம்மா' என்று நீங்கள் பார்ப்பது, கணினிக்கு எம், கே, அரைப்புள்ளி, கே, எச். ஸ்க்ரீன் ரீடரும் அப்படித்தான் உளறும். எந்தக் கணினியிலும் தமிழைத் தமிழாகவே வைத்திருக்கும் குறியீட்டு முறையான யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010லேயே ஏற்றுக்கொண்டது. ஆனாலும் டிடிபி கடைகளில் பாமினிக்கு இன்னும் சாவு வரவில்லை.

கண்டுபிடிப்பது சுலபம். பிடிஎஃப்பில் ஒரு வரியை காப்பி செய்து வாட்ஸ்அப்பில் பேஸ்ட் செய்து பாருங்கள். தமிழாகவே வந்தால் பிழைத்தீர்கள். கன்னாபின்னாவென்று வந்தால் பழைய எழுத்துரு. வரியைத் தேர்ந்தெடுக்கவே முடியவில்லையென்றால் அது வெறும் படம்.

"கையெழுத்து இல்லாம செல்லாது சார்" என்பார்கள். செல்லட்டும், ஸ்கேனும் இருக்கட்டும். செய்தியை வலைப்பக்கத்திலேயே யூனிகோடில் ஒட்டிவிட்டு, அதன் கீழே கையெழுத்திட்ட பிரதிக்கு ஒரு லிங்க் கொடுத்தால் போதும். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் ஓசிஆர் தமிழுக்கும் இருக்கிறதே என்று அதை மட்டும் நம்பாதீர்கள், தேதியிலும் தொகையிலும் காலை வாரும். மங்கலாகத் தெரிபவர்களுக்கும் எழுத்துதான் வசதி. பெரிதாக்கினால் வரி தானாக மடங்கி வரும், படத்தை இடமும் வலமும் இழுத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. சிக்னல் ஒற்றைக் கோடாக இருக்கும் எங்கள் பள்ளத்தாக்குகளில் பெரிய ஸ்கேன் ஃபைல் இறங்குவதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

ஹோம்ஸ்டேக்காரர்களும் இதையேதான் கேன்வா போஸ்டரில் செய்கிறார்கள். ரூம் வாடகை, செக்-இன் நேரம், 2024 மே முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வருவதற்கு எடுக்க வேண்டியிருக்கிற இ-பாஸ் விவரம் எல்லாம் ஒரே படத்தில். வேண்டாம் தம்பி.

மொழியைச் சொல்லாமல் விடுவது

ஆங்கில டெம்ப்ளேட்டை எடுத்துத் தமிழை நிரப்புவார்கள், தளத்தின் கோடில் (நிரலில்) மட்டும் மொழி ஆங்கிலம் என்றே இருக்கும். ஸ்க்ரீன் ரீடர் அதை நம்பி ஆங்கிலக் குரலில் தமிழை வாசிக்கப் போய்த் திணறும். பக்கத்தின் மொழியைத் தமிழ் என்று குறியுங்கள். நடுவில் ஆங்கிலப் பத்தி வந்தால் அதற்குத் தனியாகக் குறியுங்கள்.

மூடுபனிக் கலர்

மலை என்றாலே பனி போட்டோ, அதன்மேல் மெல்லிய சாம்பல் எழுத்து. மாற்றுத்திறனாளிகளும் தளத்தைப் பயன்படுத்த வழி சொல்லும் உலகளாவிய நெறிமுறை டபிள்யூசிஏஜி. அதன் ஏஏ என்ற நிலைக்கு, சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் வெளிச்சத்தில் 4.5:1 வேறுபாடு வேண்டும், பெரிய எழுத்துக்கு 3:1. அளந்து பார்க்க இலவசக் கருவிகள் இருக்கின்றன.

டேப் அழுத்தும்போது வரும் கட்டத்தை "அசிங்கமா இருக்கு" என்று நீக்குவது

நீக்காதீர்கள். மவுஸ் இல்லாமல் கீபோர்டில் நகர்பவருக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்று காட்டுவது அந்தக் கட்டம்தான்.

ஒரு வரி கோடில் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புவது

ஓரத்தில் சக்கர நாற்காலி ஐகானோடு வரும் விட்ஜெட்டைச் சொல்கிறேன். எந்தத் தளத்தையும் இது டபிள்யூசிஏஜி தரத்துக்குக் கொண்டுவந்துவிடும் என்று விளம்பரம் செய்த ஒரு நிறுவனத்தை, 2025இல் அமெரிக்காவின் ஃபெடரல் ட்ரேட் கமிஷன் 10 லட்சம் டாலர் கட்ட வைத்தது. விட்ஜெட்டுக்குக் கட்டும் சந்தாப் பணத்தை மிச்சம் பிடித்து, விண்டோஸ் கணினிக்கு இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ என்ற ஸ்க்ரீன் ரீடரை நிறுவுங்கள். மானிட்டரை அணைத்துவிட்டு, உங்கள் தளத்திலேயே ஒரு ரூம் புக் செய்ய முயன்று பாருங்கள்.

"வீல்சேர் வசதி உண்டு" என்று மட்டும் எழுதுவது

இங்கே சமதளத்தில் இருக்கும் வீடு எத்தனை? கார் வாசல் வரை வருமா, ரோட்டிலிருந்து எத்தனை படி, கைப்பிடி எந்தப் பக்கம், பாத்ரூம் கதவு எவ்வளவு அகலம் என்று எழுதுங்கள். வசதி இல்லையென்றால் இல்லை என்றே போடுங்கள். கொண்டை ஊசி வளைவுகளையெல்லாம் ஏறி வந்தவர், கேட்டுக்குப் பக்கத்தில் நின்று அதைத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.