விதைக்குக் கொடுக்கும் காசு எங்கே வீணாகிறது?

ஆடி நெருங்கினாலே வீட்டுத்தோட்டம் வைத்திருப்பவர்களுக்குக் கை பரபரக்கும். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்த நேரம் பார்த்துக் கைபேசியில் விளம்பரம் வரும்: 45 வகைக் காய்கறி விதைகள், ஒரே பெட்டியில், நம்ப முடியாத விலையில். நானும் மாடியில் தோட்டம் போட்ட முதல் வருடம் அப்படி ஒரு பெட்டி வாங்கினேன். வகைக்குச் சில ரூபாய்தானே ஆகிறது என்பது என் கணக்கு. பிரித்துப் பார்த்தால் புரோக்கோலி, லெட்டூஸ், சிவப்பு முட்டைக்கோஸ், டர்னிப் என்று குளிர்ப் பிரதேசக் காய்கள்தான் பாதிக்கு மேல். திருச்சி வெயிலில் ஆடி மாதம் அவற்றை எங்கே வைப்பது? கடைசியில் எனக்கு உதவியவை பத்து வகைகூட இல்லை.

பாக்கெட்டின் விலையை மட்டும் பார்ப்பதுதான் எல்லாத் தவறுகளுக்கும் தொடக்கம். பார்க்க வேண்டியது, நம் தொட்டியில் வளர்ந்து காய்க்கிற ஒரு செடிக்கு என்ன செலவாகிறது என்பதை. நாலு பேர் உள்ள வீட்டுக்கு ஆறு தக்காளி, நாலு கத்தரி, நாலு மிளகாய், பத்துப் பன்னிரண்டு வெண்டை, இரண்டு கொடி இருந்தால் போதும். ஒரு கிராம் தக்காளி விதையில் ஏறத்தாழ 300 விதைகள் இருக்கும். உரக்கடையில் கிடைக்கும் 10 கிராம் பாக்கெட் பதினைந்து இருபது சென்ட் நிலத்துக்கு நாற்றுவிடுகிற விவசாயிக்கானது. 'கிராம் கணக்கில் பார்த்தால் மலிவு' என்று நாம் அதை வாங்கினால், பெரும்பங்கு டப்பாவில் கிடந்தே முளைப்புத்திறனை இழக்கும். தெருவில் நாலு பேர் தோட்டம் வைத்திருந்தால் ஒரு பாக்கெட்டைப் பங்கிட்டுக்கொள்ளுங்கள். பங்கிட ஆள் இல்லையா? குழித்தட்டு நாற்றுப் பண்ணையில் கத்தரி, மிளகாய், தக்காளி நாற்றுகளை எண்ணி வாங்கினாலே செலவு குறைவு. ஆனால் அங்கே இருப்பவை பெரும்பாலும் வீரிய ஒட்டு ரகங்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில்தான் பலர் குழம்பிப்போகிறார்கள். வீரிய ஒட்டு விதை, அதாவது ஹைபிரிட், கெட்ட விதை இல்லை. நன்றாகவே காய்க்கும். ஆனால் அதன் பழத்திலிருந்து விதை எடுத்துப் போட்டால் அடுத்த தலைமுறைச் செடிகள் ஒன்றுபோல இருக்காது. ஒன்று நெட்டையாக வளரும், ஒன்று சிறுத்த பழம் தரும். அதனால் ஒவ்வொரு பட்டத்துக்கும் புதிதாக வாங்கியாக வேண்டும். அதுவே நாட்டு ரகமோ, பல்கலைக்கழகங்கள் வெளியிட்ட சாதாரண ரகமோ என்றால் ஒரு முறை வாங்கினால் போதும், பிறகு வீட்டு விதைதான். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பி.கே.எம். 1 தக்காளி, கோயம்புத்தூரின் கோ 2 கத்தரி, பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா அனாமிகா வெண்டை எல்லாம் இந்த வகை. வேலூர்ப் பக்கம் உறவினர் இருந்தால் இலவம்பாடி முள்ளுக் கத்தரி விதையைக் கேட்டு வாங்குங்கள். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற காய் அது.

இன்னொரு தவறு, அரசு வழிகளைத் தேடாமலே இணையத்துக்கு ஓடுவது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் விதை விற்பனை இடங்கள், வேளாண் அறிவியல் நிலையங்கள், தோட்டக்கலைத் துறையின் பண்ணைகள் ஆகியவற்றை முதலில் விசாரியுங்கள். பெங்களூரு நிறுவனம் அஞ்சலிலும் விதை அனுப்புகிறது. எல்லா நாளும் எல்லா ரகமும் இருக்காது என்பது உண்மைதான். அதனால் பட்டத்துக்கு ஒரு மாதம் முன்பே போன் செய்து கேட்டுவிட்டுப் போவது நல்லது.

சரி, எங்கே வாங்கினாலும் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிக்காமல் காசு கொடுக்காதீர்கள். சான்று பெற்ற விதைக்கு நீல அட்டை இருக்கும். உற்பத்தியாளரே தரத்துக்குப் பொறுப்பேற்கும் உண்மைநிலை விதைக்கு இளம்பச்சை அட்டை. வீட்டுத்தோட்டப் பாக்கெட்டுகளில் பெரும்பாலும் இரண்டாவதுதான், அதில் தப்பில்லை. முளைப்புத்திறன், பரிசோதித்த தேதி, எதுவரை செல்லும் என்ற தேதி, இந்த மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். தக்காளிக்கும் கத்தரிக்கும் குறைந்தபட்ச முளைப்பு 70 சதவீதம், வெண்டைக்கு 65, மிளகாய்க்கும் பாகலுக்கும் 60 என்று விதைத்தர விதிகள் சொல்கின்றன. பெயர்கூட எழுதாமல் ஜிப் கவரில் பிரித்துப் போட்டு விற்பவர்களிடம் இதில் ஒன்றும் இருக்காது. நீல நிற ஸ்ட்ராபெரி, ஏழு நிற மிளகாய் என்று படம் காட்டினால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

வாங்கியதும் மொத்தத்தையும் ஒரே நாளில் விதைத்துவிடாமல், பத்து விதையை எடுத்து ஈரப் பருத்தித் துணியில் மடித்து வையுங்கள். வெண்டை நாலைந்து நாளிலும், தக்காளி ஒரு வாரத்திலும், கத்தரியும் மிளகாயும் பத்துப் பதினைந்து நாளிலும் தெரிந்துவிடும். ஆறேழு முளைத்தால் நல்ல விதை. இரண்டு மூன்றுதான் என்றால் கடைக்காரரிடம் போய்ப் பேசக் கையில் ஒரு ஆதாரம் இருக்கிறது.

விதை நன்றாக இருந்தும் அதைக் குறை சொல்லி மறுபடி வாங்குபவர்களும் உண்டு. கீரை விதையை எறும்பு இழுத்துப் போயிருக்கும். கத்தரி விதையை ஒரு அங்குல ஆழத்தில் புதைத்திருப்பார்கள். பாகல், புடலை விதைகளுக்கு ஓடு தடிப்பு. இரவு முழுக்க ஊறவைக்காமல் போட்டால் முளைக்க நாளாகும், அதற்குள் பொறுமை போய்விடும்.

சமையலறையில் இருந்தே விதை எடுக்கலாமே என்பீர்கள். தாராளமாக. கொத்தமல்லியை லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்துப் போடலாம். வெந்தயமும் கடுகும் அப்படியே முளைக்கும். புதினாத் தண்டு, கொடிப்பசலைத் தண்டு நட்டால் வேர் பிடிக்கும். ஆனால் சந்தையில் வாங்கிய வெண்டைக்காயையும் கத்தரிக்காயையும் கீறி விதை எடுப்பது வீண் வேலை. அவை பிஞ்சிலேயே பறித்தவை, விதை முற்றியிருக்காது. முற்றிய பரங்கியும் பழுத்த பாகலும் சரிவரும். கடைத் தக்காளி முளைக்கும், ஆனால் பெரும்பாலும் ஒட்டு ரகம் என்பதால் முன்பு சொன்ன கதைதான்.

அப்புறம், வீட்டிலேயே விதை எடுப்பது. முதல் காயைப் பார்த்ததும் சமைக்கத் தோன்றும். நல்ல செடியின் இரண்டாவது மூன்றாவது காயில் ஒன்றை நூல் கட்டி விட்டுவையுங்கள். கத்தரி மஞ்சளாகப் பழுக்க வேண்டும். வெண்டை செடியிலேயே காய்ந்து வெடிக்கும் நிலைக்கு வர வேண்டும். தக்காளி விதையைச் சாறோடு ஒன்றிரண்டு நாள் புளிக்கவைத்துக் கழுவினால் மேலே உள்ள வழவழப்பு போய்விடும். உச்சி வெயிலைத் தவிர்த்து இளவெயிலிலும் நிழலிலும் உலர்த்துங்கள். சாம்பலில் புரட்டி வைப்பது நம் பாட்டிகள் செய்த வேலை, இன்றைக்கும் நல்ல வேலை. தக்காளியும் அவரையும் பெரும்பாலும் தன் பூவிலேயே கருவுறுவதால் கலப்பு குறைவு. மிளகாயையும் கத்தரியையும் இரண்டு ரகம் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கலந்துவிடும். பூசணி, பரங்கி வகைகளில் தேனீ எங்கிருந்தோ மகரந்தம் கொண்டுவரும், அதனால் மறுநாள் மலரப்போகும் ஆண் மொட்டையும் பெண் மொட்டையும் மாலையில் நூலால் கட்டி வைத்து, மலர்ந்ததும் கையால் சேர்த்து, பெண் பூவை மறுபடி கட்டிவிடுங்கள்.

இளஞ்சிவப்புச் சாயம் பூசிய விதைகள் மருந்து நேர்த்தி செய்தவை. மிஞ்சினாலும் குருவிக்குப் போடாதீர்கள், குழந்தை கைக்கு எட்டவிடாதீர்கள்.

எடுத்த விதையைக் காகித உறையில் போட்டு, ரகத்தின் பெயரும் தேதியும் எழுதி, கண்ணாடிச் சீசாவில் இறுக மூடி, அடுப்புப் பக்கம் இல்லாத அலமாரியில் வையுங்கள். வெங்காய விதை ஒரு வருடம் தாண்டினால் நம்ப முடியாது. தக்காளி மூன்று நான்கு வருடம் நிற்கும். எங்கள் வீட்டுச் சீசாவில் இப்போது இருக்கும் சிறகு அவரையும் மூக்குத்தி அவரையும் விதைத் திருவிழாவில் கைமாற்றாக வந்தவை. பதிலுக்கு நான் கொடுத்தது ஒரு பிடி வெண்டை விதை.