நலங்கு மாவும் வெட்டிவேரும்: வாசம் நிற்கும்படி அரைப்பதும் பூசுவதும்

வாசமான சோப்பு, வேறு வாசத்தில் பவுடர், அதற்கு மேல் ஒரு சென்ட் என்று அடுக்கினால் எதுவும் தனித்துத் தெரியாது. ஒரே வாசத்தை அடியாக வைத்துக்கொண்டு குளியலிலிருந்து படுக்கை வரை அதையே தொடர்ந்தால்தான் அது உடம்போடு ஒட்டும். அதற்கு நம் ஊர் வெயிலில் வெட்டிவேரை மிஞ்ச ஒன்றுமில்லை. ரோஜா, மல்லிகையின் மேல்வாசம் சீக்கிரம் பறந்துவிடும். வெட்டிவேரின் எண்ணெய் கனமானது, மெதுவாகத்தான் ஆவியாகும்.

முதலில் நலங்கு மாவு. பச்சைப்பயறு அரை கிலோ, பூலாங்கிழங்கு 100 கிராம், வெட்டிவேர், கஸ்தூரி மஞ்சள், கோரைக்கிழங்கு, காய்ந்த ஆவாரம்பூ, பன்னீர் ரோஜா இதழ் தலா 50 கிராம். எல்லாமே நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். ஆனால் கையில் எடுத்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். வெட்டிவேரைக் கசக்கினால் ஈர மண்வாசம் எழும்ப வேண்டும். வைக்கோல் மாதிரி இருந்தால் பழைய சரக்கு. கஸ்தூரி மஞ்சள் உள்ளே வெளிறி, லேசாகக் கற்பூரம் போல மணக்கும். சமையல் மஞ்சள் மாதிரி அடர்மஞ்சளாக இருந்து, தோலிலும் கறை பிடித்தால் அது கஸ்தூரி மஞ்சள் அல்ல.

பல வீடுகளில் கார்போக அரிசி என்ற மூலிகை விதையையும் சேர்ப்பார்கள். அதிலுள்ள சோராலென் என்ற பொருள் தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் சிவந்து எரியும், கருந்திட்டு விழும். பகலில் வெளியே போகிறவர்கள் அதை விட்டுவிடுவதே நல்லது.

வேரை அரை அங்குலத் துண்டுகளாக நறுக்குங்கள். நீளமாகப் போட்டால் மெஷினில் சுற்றிக்கொண்டு நார்நாராக நிற்கும். பயறு, கிழங்கு, வேர் மூன்றும் நல்ல வெயிலில் இரண்டு நாள் காயட்டும். பூக்களை மட்டும் நிழலில் காய வையுங்கள், வெயிலில் போட்டால் நிறமும் வாசமும் போய்விடும். கிழங்கை உடைத்தால் 'டக்' என்று முறிய வேண்டும். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, அந்த மாவில் பூஞ்சை பிடிக்கும்.

மில்லில் சீயக்காய் அரைக்கும் மெஷினில்தான் கொடுக்க வேண்டும். மிளகாய் அரைத்த மெஷினில் விழுந்த மாவு முகத்தில் பட்டால் எரிச்சல் தாங்காது. அரைத்து வரும் மாவு சுடும். அந்தச் சூட்டோடு டப்பாவில் அடைத்தால் மூடியில் வியர்வை கட்டி, ஒரு வாரத்தில் கட்டிகட்டியாகிவிடும். பேப்பரில் பரப்பி, முழுக்க ஆறியபின் கண்ணாடி ஜாடியில் போடுங்கள். மூன்று மாதத்துக்கு மேல் வைத்தால் வாசம் குறையும், அதனால் கொஞ்சமாகவே அரையுங்கள். முகத்துக்கு வேண்டியதை மெல்லிய துணியில் சலித்துத் தனியாக வையுங்கள்.

ஒரு குளியலுக்கு இரண்டு மேசைக்கரண்டி போதும். வறண்ட தோலுக்குப் பாலில் குழைக்கலாம், மற்றவர்களுக்குத் தண்ணீரே போதும். குழைத்ததும் பூசுங்கள். பூசி, காய்ந்து இறுகும் வரை விட்டால் தோல் வறளும். லேசாகத் தேய்த்து உடனே கழுவிவிடுங்கள். அதற்குப் பிறகு சோப்புப் போட்டால் செய்ததெல்லாம் வீண். புதிதாகப் பயன்படுத்துகிறவர்கள் முன்கையின் உட்புறத்தில் கொஞ்சம் தடவி ஒரு நாள் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது எண்ணெய். நன்றாகக் காய்ந்த 10 கிராம் வெட்டிவேரை 200 மில்லி தேங்காயெண்ணெயில் போட்டு, கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் அந்தப் பாத்திரத்தை வைத்து, சிறு தீயில் அரை மணி நேரம் சூடாக்கி, மறுநாள் வடிகட்டுங்கள். நேரடியாக அடுப்பில் வைத்தால் வேர் கருகி, கருகல் வாசம்தான் மிஞ்சும். உள்ளே ஈரம் போனால் சிக்கு வாடை அடிக்கும். துவட்டி முடித்து உடம்பில் ஈரப்பதம் மிச்சமிருக்கும்போதே நாலைந்து சொட்டு எடுத்துக் கழுத்து, முழங்கை மடிப்பு, மணிக்கட்டில் தடவுங்கள். வறண்ட தோலில் வாசம் நிற்காது. கடையில் வாங்கும் செறிவான வெட்டிவேர் எண்ணெயை அப்படியே பூசக்கூடாது, 10 மில்லி தேங்காயெண்ணெய்க்கு 2 சொட்டு போதும். கொஞ்ச நேரத்தில் உங்களுக்கு வாசம் தெரியாமல் போகும். அது மூக்கு பழகிப்போனதுதான், மறுபடி பூசாதீர்கள்.

எண்ணெய்க் குளியல் நாளில் தலைக்குச் சாம்பிராணி. தணல் மேலே சாம்பல் பூத்த பிறகு ஒரு சிட்டிகை தூவுங்கள். செக்கச்சிவந்த தணலில் போட்டால் கருகிக் கண்ணும் தொண்டையும் எரியும். நீர் சொட்டும் முடியில் புகை பிடித்தால் மறுநாள் முடை வாடைதான். துவட்டி முக்கால்வாசி காய்ந்ததும், ஒன்றரை அடி தள்ளி, ஜன்னலைத் திறந்து வைத்து இரண்டு மூன்று நிமிடம் காட்டினால் போதும். ஆஸ்துமா உள்ளவர்களோ கைக்குழந்தையோ இருக்கும் வீட்டில் புகையே வேண்டாம். அங்கே காய்ந்த வெட்டிவேரைத் துணியில் முடிந்து தலையணை உறைக்குள் வையுங்கள்.