புகைப்படத்தை இணையத்தில் போட்டுக் கருத்துக் கேட்பது எப்படி?

எடுத்த நாற்பது படங்களையும் அப்படியே கொட்டாதீர்கள். ஒன்று போதும், மிஞ்சினால் இரண்டு. பொறுக்கி எடுப்பது உங்கள் வேலை, பார்ப்பவர் வேலையில்லை.

ஏற்றும் முன் நீளமான பக்கத்தை 2048 பிக்சலுக்குச் சுருக்கி, எஸ்ஆர்ஜிபி (பெரும்பாலான திரைகளுக்குப் பொதுவான வண்ண முறை) வண்ணத்தில் ஜேபெக்காகச் சேமியுங்கள். அடோபி ஆர்ஜிபி என்ற இன்னொரு வண்ண முறையில் விட்டால் சில திரைகளில் நிறம் வெளிறித் தெரியும், அப்புறம் எல்லோரும் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார்கள். வீட்டில் எடுத்த படமென்றால் எக்ஸிஃப் தகவலில் (கேமரா படத்தோடு சேர்த்துப் பதிந்துவைக்கும் விவரங்கள்) உள்ள ஜிபிஎஸ் இடக்குறிப்பை நீக்கிவிடுங்கள். ஷட்டர் வேகம், அபர்ச்சர், ஐஎஸ்ஓ, குவியத்தூரம் போன்ற கேமரா விவரங்கள் எல்லாம் அதில் இருக்கட்டும். படம் ஏன் மங்கலாக வந்தது என்று நீங்கள் மண்டையைக் குடைந்துகொண்டிருக்கும்போது, 200 மி.மீ. லென்ஸைக் கையில் பிடித்து 1/60 நொடியில் எடுத்திருப்பதைப் பார்த்ததுமே விவரம் தெரிந்த ஒருவர் சொல்லிவிடுவார்: கை ஆடியிருக்கிறது, 1/200 அல்லது அதைவிட வேகமாக வைத்துப் பாருங்கள் என்று.

"எப்படி இருக்கு?" என்று கேட்டால் "சூப்பர்" என்றுதான் பதில் வரும். (நானும் அதில் மயங்கிச் சில காலம் ஓட்டியவன்தான்.) பின்னணி கவனத்தைக் கலைக்கிறதா, இடப்பக்கத்தை வெட்டலாமா, கறுப்பு வெள்ளையில் எடுபடுமா என்று குறிப்பாகக் கேளுங்கள். பதில் பிடிக்காவிட்டால் உடனே வாதாடாமல் ஒரு நாள் ஆறப்போட்டுவிட்டுப் படத்தைத் திரும்பப் பாருங்கள்.

அடுத்தவர் படத்துக்குச் சொல்லும்போது உங்கள் கண் முதலில் எங்கே போனது என்பதிலிருந்து தொடங்குங்கள். தலைக்குப் பின்னால் கம்பம் முளைத்திருந்தால் சொல்லலாம், இரண்டடி நகர்ந்திருந்தால் மறைந்திருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவர் படத்தை நீங்கள் திருத்திக் காட்ட நினைத்தால் முதலில் அனுமதி கேளுங்கள்.