வகுப்புக்குக் கொண்டுபோக 45 வெண்ணெய் பிஸ்கட்டுகள்

விடுமுறையில் பேக்கிங் பழகத் தொடங்கும் மாணவர்கள் பெரும்பாலும் கேக்கைத்தான் முதலில் நினைக்கிறார்கள். வீட்டார் மட்டும் சாப்பிடுவதென்றால் அதில் தவறில்லை. பள்ளி திறக்கும் நாளில் வகுப்பு முழுவதற்கும் கொடுக்க வேண்டும் என்ற ஆசை இருந்தால் கேக் ஒத்துவராது: வெட்டக் கத்தி வேண்டும், வைக்கத் தட்டு வேண்டும், துண்டுகள் ஒரே அளவில் அமைவதில்லை, மேலே கிரீம் பூசியிருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைத்திருக்கவும் கூடாது. ஆகவே எதைச் சுடுவது என்பதை நாக்கைக் கேட்டு முடிவு செய்வதைவிட, பையில் போகப்போகும் டப்பாவைக் கேட்டு முடிவு செய்வது நல்லது. முட்டை சேராத வெண்ணெய் பிஸ்கட்டை எண்ணிக் கொடுக்கலாம்; கையால் எடுத்துச் சாப்பிடலாம்; காற்றுப் புகாத டப்பாவில் ஒரு வாரம் கெடாமல் இருக்கும்.

மாவைத் தொடுவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. வீட்டில் செய்த தின்பண்டத்தை வகுப்பில் பகிர அனுமதி உண்டா, யாருக்கேனும் உணவு ஒவ்வாமை இருக்கிறதா என்று வகுப்பாசிரியரிடம் விடுமுறை தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். இந்தப் பிஸ்கட்டில் கோதுமையும் பாலும் இருக்கின்றன. இவை ஒத்துக்கொள்ளாத நண்பர் இருந்தால், அவருக்கு உகந்தது எது என்று அவரிடமே கேட்டு வேறொன்றைத் தனியாக ஏற்பாடு செய்யுங்கள். முந்திரி, பாதாம், நிலக்கடலை எதையும் சேர்க்க வேண்டாம். கடுமையான ஒவ்வாமை உள்ளவருக்குச் சிறு துணுக்கே ஆபத்தாக முடியலாம் என்பதால், அவற்றை அரைத்த மிக்ஸி ஜாரில் சர்க்கரையைப் பொடிப்பதும் கூடாது.

அளவு நினைவில் நிற்கக்கூடியது: எடைக் கணக்கில் சர்க்கரை ஒரு பங்கு, வெண்ணெய் இரண்டு பங்கு, மைதா மூன்று பங்கு. பொடித்த சர்க்கரை 150 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 300 கிராம், மைதா 450 கிராம் எடுத்தால் மொத்தம் 900 கிராம் மாவு கிடைக்கும். 20 கிராம் வீதம் 45 பிஸ்கட்டுகள் வரும். 40 பேர் உள்ள வகுப்பு என்றால், மீதி ஐந்து ஆசிரியருக்கும் வழியில் உடைபவற்றுக்கும் போதும். இவற்றோடு ஒரு சிட்டிகை உப்பும் அரைத் தேக்கரண்டி வெனிலா எசென்ஸும் சேர்க்கலாம். கப்பால் அளக்காமல் தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். ஒரே கப் மைதா, தளர்வாக நிரப்பினால் ஏறத்தாழ 120 கிராமும், அழுத்தி நிரப்பினால் 150 கிராமும் இருக்கும். இந்த வேறுபாடே மாவை உதிர வைக்கப் போதுமானது.

மூன்றில் ஒரு பங்கு அளவில், அதாவது 50, 100, 150 கிராம் என்ற கணக்கில், ஒரு வாரம் முன்பே ஒரு தட்டு சுட்டுப் பாருங்கள். உங்கள் ஓவனின் குணம் அப்போதுதான் தெரியவரும். அந்தப் பதினைந்தும் வீட்டாருக்கு.

வெண்ணெயை முன்கூட்டியே வெளியே எடுத்து வையுங்கள். விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும். ஆனால் உருகிப் பளபளக்கக் கூடாது. அதைச் சர்க்கரையோடு நிறம் வெளுக்கும் வரை, மூன்று நான்கு நிமிடம் குழைக்கும்போது உள்ளே சிக்கும் காற்றுதான் பிஸ்கட்டை லேசாக்குகிறது. இதற்குப் பேக்கிங் பவுடர் தேவையில்லை. பிறகு மைதாவைச் சலித்துக் கொட்டி, ஒன்று சேரும் அளவுக்கு மட்டும் கலக்குங்கள். சப்பாத்தி மாவைப் போல அடித்துப் பிசைந்தால் மைதாவில் உள்ள குளூட்டன் இறுகிப் பிஸ்கட் கடினமாகிவிடும். மாவைப் பச்சையாக ருசி பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். வேகாத மைதாவில் நோய்க்கிருமிகள் இருக்க வாய்ப்புண்டு.

இனி வடிவம். நான் முதன்முறை நட்சத்திர அச்சில் வெட்டினேன். டப்பாவைத் திறந்தபோது முனைகள் எல்லாம் தூளாகி, நட்சத்திரங்கள் ஏதோ கூழாங்கற்களைப் போல இருந்தன. அன்றிலிருந்து வட்டம்தான். மாவை 300 கிராம் வீதம் மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் பட்டர் பேப்பரில் சுற்றி, ஜியோமெட்ரி பாக்ஸில் இருக்கும் 15 சென்டிமீட்டர் அளவுகோலின் நீளத்துக்கு உருளையாக உருட்டுங்கள். அரை மணி முதல் ஒரு மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் வெண்ணெய் இறுகும். வெட்டும்போது உருளை நசுங்காது, ஓவனில் பிஸ்கட் பரந்து ஓடவும் செய்யாது. அளவுகோலைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு சென்டிமீட்டரிலும் வெட்டினால் சரியாகப் பதினைந்து துண்டுகள். ஒருவருக்குப் பெரியது, இன்னொருவருக்குச் சிறியது என்ற பேச்சுக்கே இடமிராது.

ஓவனை 170 டிகிரி செல்சியஸில் 15 நிமிடம் முன்சூடு செய்யுங்கள். விசிறி ஓடும் வகையானால் 150 டிகிரி போதும். துண்டுகளை இரண்டு விரல் இடைவெளியில் அடுக்கி, நடுத்தட்டில் 15 முதல் 18 நிமிடம் வரை சுடுங்கள். பெரும்பாலான ஓவன்களில் ஒரு மூலை மற்றதைவிடச் சூடாக இருக்கும். பத்தாம் நிமிடத்தில் தட்டைத் திருப்பி வைப்பது அதற்காகத்தான். தட்டைத் தொடும்போது பெரியவர் ஒருவர் அருகில் இருக்கட்டும். கையுறையும் காய்ந்ததாக இருக்கட்டும், ஏனெனில் ஈரத்துணி வழியே சூடு உடனே கைக்கு ஏறிவிடும்.

எப்போது எடுப்பது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஓரம் இளம்பொன்னிறமாகி, நடு இன்னும் வெளிறி, தொட்டால் மென்மையாக இருக்கும் கட்டத்திலேயே எடுத்துவிட வேண்டும். வேகவில்லையே என்று இன்னும் ஐந்து நிமிடம் விட்டால், ஆறியபின் அடிப்பக்கம் கருகலாகவும் கசப்பாகவும் இருக்கும். பிஸ்கட்டுக்கு மொறுமொறுப்பு வருவது ஆறும்போதுதான். தட்டிலேயே ஐந்து நிமிடம் விட்டு, பிறகு கம்பித் தட்டுக்கு மாற்றி, முழுவதும் ஆற விடுங்கள். வெதுவெதுப்பு இருக்கும்போதே மூடினால் ஆவி மூடியில் நீராகி, மறுநாள் பிஸ்கட் நமுத்துவிடும்.

பள்ளிக்கு முந்தைய நாள் மாலையில் சுடுவதே வசதி. அகலமான டப்பாவில் அடுக்கு அடுக்காக வைத்து, இடையே பட்டர் பேப்பர் விரித்து, மேலே மிஞ்சும் வெற்றிடத்தைக் கசக்கிய பேப்பரால் நிரப்புங்கள். ஆடாத பிஸ்கட் உடைவதில்லை. மூடியின்மேல் “மைதா, வெண்ணெய், சர்க்கரை, உப்பு, வெனிலா” என்று எழுதி, சுட்ட தேதியையும் குறித்து ஒட்டுங்கள். இடைவேளையில் டப்பாவோடு ஒரு இடுக்கியையும் மேசைமேல் வைத்துவிட்டால், நாற்பது கைகள் டப்பாவுக்குள் புக வேண்டியதில்லை. வேண்டாம் என்பவரிடம் காரணம் கேட்க வேண்டாம். அன்று வராதவர்களுடைய பங்கை எடுத்து வைத்து மூடிவிடுங்கள். மறுநாளும் அது மொறுமொறுப்பாகவே இருக்கும்.