உப்புக் காற்றில் பழைய டெலி லென்ஸ்: வாங்குவதும் கையாள்வதும்

தனுஷ்கோடி, மண்டபம், வாலிநோக்கம் பக்கம் பறவை எடுக்க ஆசைப்பட்டு, புது டெலி லென்ஸ் (தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் காட்டும் லென்ஸ்) விலையைப் பார்த்து மலைத்து நிற்கிறவர்களுக்கு இதை எழுதுகிறேன். பழைய லென்ஸ் தாராளமாக வாங்கலாம். ஆனால் 300 மி.மீ.யோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 500, 600 என்று போனால் தூரத்துப் பூநாரை கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிடும் என்று தோன்றும், நம் கரையில் அது நடக்காது. வெயில் ஏறினதும் மணலும் சேறும் சூடாகி மேலே இருக்கிற காற்று நெளிய ஆரம்பித்துவிடும். அந்தக் கானலுக்கு ஊடாக எவ்வளவு விலையுள்ள லென்ஸை வைத்து எடுத்தாலும் பறவையின் கால் கோணல்மாணலாகத்தான் பதியும். அதே பணத்தில் சுத்தமான ஒரு 300 வாங்கிக்கொண்டு, விடியும்போதே போய் உட்கார்ந்து, பறவை பக்கத்தில் வரும்வரை காத்திருக்கிறவருக்குத்தான் நல்ல படம் கிடைக்கும்.

முதலில் உங்கள் கேமராவைப் பாருங்கள். மிரர்லெஸ் (உள்ளே ஆடி இல்லாத கேமரா) என்றால் கவலையே இல்லை, பழைய லென்ஸுக்கு வேண்டிய தூரத்தைவிட இதன் உடல் மெலிது, நடுவில் இடம் மிச்சம் இருப்பதால் சாதாரண அடாப்டர் (இணைப்பு வளையம்) ஒன்றைப் போட்டு கேனன் எஃப்டி, மினோல்டா, பென்டாக்ஸ், எம்42 திருகு லென்ஸ் என்று ஏறக்குறைய எதையும் மாட்டலாம். டிஎஸ்எல்ஆர் (உள்ளே ஆடி உள்ள கேமரா) வைத்திருந்தால் கொஞ்சம் யோசிக்கணும். கேனன் இஎஃப் உடலில் நிக்கான், எம்42 லென்ஸ்கள் சரியாக உட்காரும், கடைசித் தூரம்வரை ஃபோகஸ் ஆகும். ஆனால் 1987க்கு முன்னால் வந்த கேனனின் சொந்த எஃப்டி லென்ஸ்கள் அதில் தூரத்துக்கு ஃபோகஸ் ஆகாது. நடுவில் ஒரு கண்ணாடி வைத்த அடாப்டர் விற்கிறார்கள், அது தெளிவைக் கெடுக்கும், வேண்டாம். நிக்கான் டிஎஸ்எல்ஆர்காரர்களுக்கும் எம்42 லென்ஸில் இதே தொல்லைதான், அவர்கள் நிக்கான் லென்ஸோடு நிற்பது நல்லது. அதிலும் டி3000, டி5000 வரிசைக் கேமராக்களில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது, பழைய ஏஎஃப் (தானாக ஃபோகஸ் ஆகும்) லென்ஸைக் கையால்தான் திருப்பணும். இன்னும் பழைய, சிப் இல்லாத லென்ஸ் என்றால் லைட் மீட்டரும் வேலை செய்யாது.

எதைத் தேடுவது? எஃப்/ எண் லென்ஸின் திறப்பைச் சொல்வது, எண் சின்னதானால் வெளிச்சம் அதிகம். நிக்கானின் நிக்கோர் 300 மி.மீ. எஃப்/4.5 இ.டி. ஐ.எஃப். (இ.டி. நிறச் சிதறலைக் குறைக்கும் கண்ணாடி, ஐ.எஃப். உள்ளேயே நகரும் ஃபோகஸ்), ஏஎஃப் நிக்கோர் 300 எஃப்/4, கேனன் இஎஃப் 300 எஃப்/4 எல், குறைந்த செலவில் வேண்டும் என்றால் பென்டாக்ஸ் டாக்குமார் 200 எஃப்/4, ரஷ்யத் தயாரிப்பான ஜுபிடர்-21எம். கேனன் 400 எஃப்/5.6 எல் நல்ல நிலையில் அகப்பட்டால் மட்டும் என் 300 கணக்கை நானே தளர்த்துவேன், ஒன்றேகால் கிலோதான், பறக்கிற ஆலாக்களுக்கு அவ்வளவு பொருத்தம். இழுத்துத் தள்ளும் பழைய ஜூம் லென்ஸ்களை நம் கரைக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஒவ்வொரு தடவை இழுக்கும்போதும் வெளிக்காற்றை உள்ளே உறிஞ்சும், அந்தக் காற்றில் என்ன இருக்கும் என்று தனுஷ்கோடி முனையான அரிச்சல்முனையில் ஐந்து நிமிடம் நின்றவருக்குத் தெரியும். ஃபோகஸ் செய்யும்போது நீளம் மாறாத, உள்ளேயே கண்ணாடி நகரும் லென்ஸ்தான் இங்கே அதிக நாள் நிலைக்கும், குறைந்த செலவு என்று சொன்ன இரண்டும் அந்த வகையில் சேராது.

500 மி.மீ. எஃப்/8 மிரர் லென்ஸ்கள் (உள்ளே ஆடி வைத்தவை) சின்னதாக, சல்லிசாகக் கிடைக்கும், கை துறுதுறுக்கும். அதில் ஃபோகஸுக்கு வெளியே இருக்கிற ஒவ்வொரு ஒளிப்புள்ளியும் வளையமாக விழும். தண்ணீர் மினுங்காத இடம் நம் பக்கத்தில் ஏது? பறவைக்குப் பின்னால் படம் முழுக்க வளையங்கள்தான் இருக்கும்.

பெயரைவிட லென்ஸின் நிலைமைதான் முக்கியம். வாங்கும்போது செல்போன் டார்ச்சைப் பின்பக்கமிருந்து அடித்து, முன்பக்கம் சாய்வாகப் பாருங்கள், அப்புறம் திருப்பிப் பிடித்தும் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி மெல்லிய இழைகள் ஓடினால் பூஞ்சை, விட்டுவிடுங்கள், கடலோரத்தில் வாங்கிய லென்ஸ் என்றால் இதை இரண்டு தடவை பார்க்கணும். முழுக்க மங்கலாகப் பால் படர்ந்த மாதிரி தெரிந்தாலும் வேண்டாம். நாலைந்து தூசி கிடந்தால் ஒன்றும் ஆகாது. முன் கண்ணாடியில் ஒரு கீறல் பெரிதாகப் பாதிக்காது, பின் கண்ணாடியில் கீறல் இருந்தால் படத்தில் தெரியும். அப்பர்ச்சர் (லென்ஸின் உள் திறப்பு) இதழ்களில் எண்ணெய் பளபளக்கிறதா, லீவரைத் தட்டினால் சட்டென்று மூடித் திறக்கிறதா, ஃபோகஸ் வளையம் ஒரே சீராகச் சுற்றுகிறதா அல்லது நறநறவென்று மணல் அரைபடும் சத்தம் வருகிறதா என்று கவனியுங்கள். திருகுகளின் தலை தேய்ந்திருந்தால் யாரோ திறந்து பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ட்ரைபாட் காலர் (லென்ஸை முக்காலியில் பொருத்தும் வளையம்) கூடவே வருகிறதா என்றும் கேளுங்கள், தனியாகத் தேடினால் அலைச்சல். ஏஎஃப் லென்ஸ் என்றால் மோட்டார் சத்தத்தைக் கேட்டுவிட்டே காசு கொடுங்கள், பழைய மாடல்களுக்கு உதிரி பாகம் கிடைப்பது கஷ்டம்.

சரி, லென்ஸ் வந்துவிட்டது. மிரர்லெஸ் கேமராவில் 'லென்ஸ் இல்லாமல் ஷட்டர்' என்ற அமைப்பை இயக்கினால்தான் பல மாடல்களில் படமே எடுக்கும். கேமராவுக்குள் ஆட்டம் தணிக்கும் வசதி இருந்தால் அதில் 300 என்று கையால் பதியணும், மறந்துபோனால் தப்பான அளவுக்குத் திருத்திக்கொண்டிருக்கும். எம்42 லென்ஸில் ஏ, எம் (ஆட்டோ, மேனுவல்) என்று ஒரு சின்னப் பொத்தான் இருந்தால் எம்மில் வையுங்கள், இல்லையென்றால் சில அடாப்டர்களில் அப்பர்ச்சர் மூடவே மூடாது.

இந்த லென்ஸ்களை முழுக்கத் திறந்து எடுத்தால் வெள்ளைக் கொக்கின் ஓரத்தில் ஊதா விளிம்பு வரும். ஒரு படி மூடி எஃப்/5.6 வைத்தால் பாதி சரியாகிவிடும். நம் வெளிச்சத்துக்கு அது ஒரு இழப்பே இல்லை. ஷட்டரைச் சின்ன சென்சார் (ஏபிஎஸ்-சி) கேமராவில் 1/500க்குக் கீழே இறக்காதீர்கள், பறக்கும் ஆலா என்றால் 1/2000. வெள்ளைப் பறவையும் மணலும் சேர்ந்து மீட்டரைக் குழப்பும், கேமராவின் எம் (மேனுவல்) மோடில் இறகின் விவரம் வெளுக்காத அளவுக்கு ஒரு தடவை வைத்துவிட்டு, வெளிச்சம் மாறும்வரை அதைத் தொடாமல் இருப்பதுதான் என் வழக்கம். லென்ஸ் முன்னால் நிழல் தரும் ஹூட் கட்டாயம். பழைய கோட்டிங், பக்க வெளிச்சம் பட்டாலே படம் சோகை பிடித்துவிடும்.

கை ஃபோகஸுக்குப் பயப்பட வேண்டாம். பறவையைத் துரத்தாமல் அது வரப்போகிற இடத்தில் ஃபோகஸை வைத்துக் காத்திருங்கள். 300 மி.மீ., எஃப்/5.6, சின்ன சென்சார், 30 மீட்டர் தூரம் என்றால் தெளிவாக விழும் ஆழம் சுமார் 2 மீட்டர். கோதண்டராமர் கோயில் பக்கத்து நீர்ப்பரப்பில் பூநாரைகள் தலையைக் கவிழ்த்து மேய்ந்துகொண்டே நகரும், அந்த 2 மீட்டருக்குள் தானாக வந்து சேரும். இ.டி. கண்ணாடி வைத்த நிக்கோர்களில் வளையம் முடிவிலிக் குறியைத் தாண்டியும் கொஞ்சம் சுற்றும். சூட்டில் கண்ணாடி விரிவதற்காக வேண்டுமென்றே விட்ட இடம் அது, பழுது இல்லை. பங்குனி வெயிலில் முட்டும்வரை திருப்பி வைத்துவிட்டு எடுத்தால் படம் கலங்கும், திரையில் பெரிதாக்கிப் பார்த்துத்தான் வைக்கணும்.

கச்சான் என்கிற மேல்காற்று அடிக்கிற மாதங்களில் ட்ரைபாடை விரித்து உயர்த்தி நிற்காதீர்கள், தரையில் உட்கார்ந்து மோனோபாடோ (ஒற்றைக்கால் தாங்கி), மணல் நிரப்பிய பையோ வைத்துக்கொள்ளுங்கள். பாம்பன் சாலைப் பாலத்திலிருந்து ரயில் பாலத்தை எடுக்கும்போது ட்ரைபாட் உதவாது, பேருந்து போகும்போதெல்லாம் தளம் அதிரும், கையில் பிடித்து ஷட்டரை ஏற்றுவது நல்லது. உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளம் இருக்கிறது, அந்தப் பக்கம் நீள லென்ஸை வெளியிலேயே எடுக்காதீர்கள். சின்னப்பாலத்தில் கடல்பாசி எடுக்கப் போகும் அக்காமார்களையோ, கரைவலை இழுக்கிறவர்களையோ தூரத்திலிருந்து திருட்டுத்தனமாகப் படமெடுப்பதற்கு இந்த லென்ஸைப் பயன்படுத்தக் கூடாது. போய், "அக்கா, ஒரு படம் எடுத்துக்கிறட்டுமா" என்று கேளுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். பூநாரைக் கூட்டம் தலையைத் தூக்கி ஒரே பக்கமாக நடக்க ஆரம்பித்தால் நீங்கள் அதிகம் நெருங்கிவிட்டீர்கள், பின்னால் வந்துவிடுங்கள்.

கரையில் நின்று லென்ஸ் மாற்றாதீர்கள். திரும்பி வந்ததும் முதலில் ஊதுகுழாயால் மணலை ஊதிவிட்டு, நல்ல தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் உடலையும் வளையங்களையும் துடையுங்கள். உப்பு காய்ந்த பிறகு வறண்ட துணியால் தேய்த்தால் கீறல் விழும். முன்னால் ஒரு யூவி ஃபில்டர் மற்ற ஊர்களில் தேவையா என்று வாதம் செய்யலாம், இங்கே போட்டே ஆகணும். சூரியனுக்கு எதிரே எடுக்கும்போது மட்டும் கழற்றிக்கொள்ளுங்கள். ராமேசுவரத்தில் ஏசி அறையில் தங்கினால் விடிகாலையில் பையை மூடியபடியே வெளியே அரை மணி நேரம் வைத்துவிட்டுத் திறங்கள், இல்லையென்றால் கண்ணாடி முழுக்க நீர் பூக்கும். வெயிலில் நிற்கும் காருக்குள் லென்ஸை விடக் கூடாது, உள்ளே இருக்கிற கிரீஸ் இளகி இதழ்களுக்கு இறங்கிவிடும்.

வீட்டில் தோல் உறையில் வைக்காதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துப் பூஞ்சையை வளர்க்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே ஈரத்தை உறிஞ்சி நிறம் மாறும் சிலிகா ஜெல், ஓரமாக ஒரு சின்ன ஈரப்பத மீட்டர், அது 40க்கும் 50க்கும் இடையில் சதவீதம் காட்டினால் போதும். ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன்னால் ஜெல்லைச் சட்டியில் இளஞ்சூட்டில் வறுத்து, பழைய நிறத்துக்கு வந்ததும் ஆறவைத்துத் திரும்பப் போடுங்கள்.