பழைய டூரிங் மோட்டர் வாங்கினால் முதலில் ரப்பரைப் பாருங்கள்

பழைய டூரிங் மோட்டர், அதாவது நீண்ட தூரம் ஓட்டுவதற்கான பெரிய மோட்டர்சைக்கிள், ஒன்றை வாங்கப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் போய் இறங்கியதும் என்ஜின் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்பே விற்பவர் ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார். அது ஆறும் வரை பக்கத்தில் ஒரு தே தாரிக் குடித்துக் காத்திருங்கள், இல்லையென்றால் நாளைக்கு வருகிறேன் என்று கிளம்பிவிடுங்கள். ஆறிய என்ஜின் சோக் போட்டதும் எவ்வளவு சீக்கிரம் பிடிக்கிறது, எல்லா சிலிண்டரும் சேர்ந்து எரிகிறதா, நீலப் புகை வருகிறதா, இதெல்லாம் அந்த முதல் இரண்டு நிமிடத்தில்தான் தெரியும். பிஎம்டபிள்யூ கே75, கே100 மட்டும் இதில் வேறு கணக்கு. அவற்றின் சிலிண்டர் படுத்தவாக்கில் இருப்பதால், சைட் ஸ்டாண்டில் சாய்த்து நிறுத்தினால் எண்ணெய் கசிந்து உள்ளே போய், ஸ்டார்ட் செய்ததும் கொஞ்ச நேரம் புகை விடும். அதைப் பார்த்துப் பயந்து நல்ல வண்டியை விட்டுவிடாதீர்கள்.

அப்புறம் கிராண்டில் (வண்டியின் உரிமைப் பத்திரம்) இருக்கும் சேசிஸ் நம்பரையும் என்ஜின் நம்பரையும் வண்டியில் இருப்பதோடு நீங்களே குனிந்து ஒப்பிட்டுப் பாருங்கள். மலேசியாவில் 500 சிசிக்கு மேல் என்றால் பி ஃபுல் லைசென்ஸ் வேண்டும், சின்ன மோட்டருக்கான பி2 வைத்துக்கொண்டு ஓட்ட நினைக்காதீர்கள்.

என்னிடம் இருப்பது 1999ஆம் ஆண்டு ஹோண்டா எஸ்டி1100. 1990இல் வந்து 2002 வரை தயாரான வண்டி, 1084 சிசி வி4 என்ஜின் (வி வடிவில் நான்கு சிலிண்டர்), செயினுக்குப் பதில் ஷாஃப்ட் (சுழலும் தண்டு), 28 லிட்டர் டாங்க். 2018இல் நான் வாங்கும்போது மீட்டரில் ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டியிருந்தது, வீட்டில் எல்லோரும் அந்த எண்ணைப் பார்த்துத்தான் பயந்தார்கள். நான் அதைப் பார்த்து யோசிக்கவே இல்லை. இந்த மாதிரி பெரிய தண்ணீர் கூலிங் என்ஜின்கள் ஒழுங்காக எண்ணெய் மாற்றி ஓட்டினால் இரண்டு லட்சம் கூட ஓடும். வண்டியைக் கெடுப்பது ஓட்டம் இல்லை, வருடக்கணக்காகச் சும்மா நிற்பது. 20 வருடத்தில் 15 ஆயிரம் கிலோமீட்டர் மட்டும் ஓடிய வண்டியை யாராவது காட்டினால் விலையைக் கூட்டிக் கொடுக்காதீர்கள், குறைத்துக் கேளுங்கள். அதில் ரப்பர் எல்லாம் செத்துப்போயிருக்கும்.

குளிர் நாடுகளில் பழைய மோட்டர் பற்றி எழுதுபவர்கள் பனிக்காலம், உப்புத் தூவிய ரோடு என்று எழுதுவார்கள். பினாங்கில் நமக்கு வருடம் முழுவதும் வெயில், ஈரம், கடற்காற்று. வெளியே துரு பிடிப்பது கண்ணுக்குத் தெரியும், தேய்த்துவிடலாம். உள்ளே ரப்பர் இறுகி வெடிப்பது தெரியாது. நான் வாங்கிய முதல் மாதமே, தெலுக் பஹாங்கிலிருந்து பாலிக் புலாவ் போகும் மலை ரோட்டில் தூறல் விழுந்துகொண்டிருந்தபோது, மெதுவாகத்தான் போனேன், ஒரு வளைவில் பின் டயர் வழுக்கி வண்டி ஒரு அடி பக்கவாட்டில் போய் நின்றது. விழவில்லை. டயரில் பூ (ரோட்டைப் பிடிக்கும் வரிப்பள்ளம்) நிறைய இருந்தது, பார்க்கப் புது டயர் மாதிரிதான் இருந்தது. வீட்டுக்கு வந்து பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்க எண்ணைப் பார்த்தேன்: 1409. அதாவது 2009ஆம் ஆண்டின் 14ஆவது வாரத்தில் செய்த டயர், ஒன்பது வயது. பூவைப் பார்க்கும் முன் அந்த எண்ணைப் பாருங்கள். ஆறு வயது தாண்டிய டயரை, எவ்வளவு பூ இருந்தாலும், நான் மாற்றிவிடுவேன். எஸ்டி1100க்கு முன்னால் 110/80-18, பின்னால் 160/70-17. பக்கத்து மோட்டர் கடையில் சட்டென்று கிடைக்காது, பழைய டயர் தேயும் முன்பே சொல்லி வைக்க வேண்டும்.

டயருக்கு அடுத்தது பிரேக் ஹோஸ், பிரேக் எண்ணெய் போகும் குழாய். பழைய ரப்பர் ஹோஸ் உள்பக்கம் வீங்கி அடைத்துக்கொள்ளும். லீவரை அழுத்தும்போது எண்ணெய் போகும், விடும்போது திரும்பி வராது, பிரேக் பிடித்தபடியே வண்டி ஓடும். மெக்கானிக்குகள் பலர் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரைத்தான் சந்தேகப்படுவார்கள், அதைக் கழற்றிச் சுத்தம் செய்து, சீல் மாற்றி, பணமும் வாங்கிவிடுவார்கள், ஒரு வாரத்தில் அதே பிரச்சினை திரும்பி வரும். ஹோஸை மாற்றுங்கள், முடிந்தால் ஸ்டீல் பின்னிய ஹோஸ் போடுங்கள். டாட் 4 பிரேக் எண்ணெய் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும், நம் ஊர் ஈரத்துக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். ஹைட்ராலிக் கிளச் இருந்தால் அதற்கும் இதே வேலைதான், அதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

கூலன்ட்டும் இரண்டு வருடக் கணக்குதான். வாங்கிய உடனே வண்டியை நிற்க வைத்து ஓடவிட்டு, சூடு ஏறி ஃபேன் சுற்றத் தொடங்குகிறதா என்று கண்ணால் பாருங்கள். மாலை ஆறு மணிக்கு பாயான் பாரு நெரிசலில் அது சுற்றவில்லை என்று தெரிந்துகொள்வது மிகவும் தாமதம். எஸ்டி1100 வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம்: கார்புரேட்டருக்கு அடியில், சிலிண்டர்களின் வி-க்கு நடுவில், சின்னச் சின்னத் தண்ணீர்க் குழாய்கள் இருக்கின்றன. கார்புரேட்டரைக் கழற்றாமல் அங்கே கை போகாது. அதனால் கார்புரேட்டர் கழற்றும் நாளில் குழாய், கிளிப், இன்டேக் ரப்பர் எல்லாவற்றையும் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டு ஒரே தடவையில் மாற்றுங்கள். ஒன்று மட்டும் ஒழுகியது, அதை மட்டும் மாற்றினேன் என்றால், மூன்று மாதத்தில் அடுத்தது ஒழுகும், மறுபடியும் முழு நாள் வேலை. அந்தத் தவறை நான் செய்து இரண்டு ஞாயிற்றுக்கிழமையை இழந்தேன்.

கரண்ட் விஷயத்துக்கு ஒரு சின்ன மல்டிமீட்டர் போதும். வண்டி ஆஃபில் இருக்கும்போது பேட்டரி 12.6 வோல்ட் பக்கம் காட்ட வேண்டும். ஸ்டார்ட் செய்து நான்காயிரம் ஆர்பிஎம் கொடுத்தால் 13.5க்கும் 14.5க்கும் நடுவில் நிற்க வேண்டும். 15ஐத் தாண்டினால் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் போய்விட்டது, பேட்டரியைக் கொதிக்க வைத்துவிடும். 13க்குக் கீழே இருந்தால் உடனே சாமான் வாங்க ஓடாதீர்கள், முதலில் வயர்களை இணைக்கும் பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலான ஜப்பானிய வண்டிகளில், கரண்ட் தயாரிக்கும் ஸ்டேட்டரிலிருந்து மூன்று மஞ்சள் வயர் வரும், அந்தப் பிளக் பழுப்பாகி உருகியிருப்பதை நான் நண்பர்களின் வண்டியில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். பழசை வெட்டிவிட்டு நல்ல பிளக் போட்டால் பாதி நோய் தீரும்.

என்ஜின் எண்ணெய் ஜாசோ எம்ஏ முத்திரை (மோட்டர்சைக்கிள் எண்ணெய்க்கான தரக்குறி) உள்ளதாக இருக்கட்டும். விலை குறைவு என்று கார் எண்ணெய் ஊற்றினால், என்ஜின் எண்ணெயிலேயே ஊறி ஓடும் ஈரக் கிளச் வழுக்கத் தொடங்கலாம். பெட்ரோலுக்கு ரான் 95 போதும். எஸ்டி1100இல் டைமிங் பெல்ட் இருக்கிறது, அது எப்போது மாற்றியது என்று ரசீது இல்லையென்றால் மாற்றவே இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். அறுந்தால் செலவு ஒரு பெல்ட்டோடு நிற்காது. ஷாஃப்ட் வண்டிக்குப் பராமரிப்பே வேண்டாம் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். பின் டயர் மாற்றும்போதெல்லாம், ஷாஃப்டின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொடுக்கும் ஸ்ப்ளைன் பற்களைத் துடைத்து மாலிப்டினம் பேஸ்ட் தடவ வேண்டும், டயர் கடைக்காரர் தானாகச் செய்ய மாட்டார், பக்கத்தில் நின்று செய்ய வையுங்கள். பல் தேய்ந்துவிட்டால் அந்தச் சாமான் தேடுவது பெரிய வேதனை.

சாமான் பற்றிச் சொன்னால், ஃபேரிங் (காற்றைத் தடுக்கும் வெளி மூடி), ஸ்விட்ச், விளக்கு எல்லாம் பழைய சாமான் விற்கும் ஹாஃப்-கட் கடையில் பழசு வாங்கலாம். ரப்பர் மட்டும் பழசு வாங்கவே கூடாது. சக்கர பேரிங், ஆயில் சீல் இவற்றுக்குக் கம்பெனிப் பெட்டிக்காகக் காத்திருக்க வேண்டாம். பேரிங்கின் மேலேயே எண் பொறித்திருக்கும், சீலுக்கு உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூன்றும் இருக்கும். அந்த எண்ணை எழுதிக்கொண்டு தொழிற்சாலைகளுக்கு பேரிங் விற்கும் கடைக்குப் போங்கள், நல்ல ஜப்பான் சாமானே கிடைக்கும்.

ஓட்டுவதில் கஷ்டமானது வேகம் இல்லை, நிறுத்தும் இடம்தான். 300 கிலோ வண்டி, பெட்டியும் பெட்ரோலும் சேர்த்தால் இன்னும் அதிகம். மெதுவாகத் திரும்பும்போது முன் பிரேக்கைத் தொடாதீர்கள், பின் பிரேக்கை லேசாக அழுத்தி, கிளச்சைப் பாதியில் பிடித்து, போக வேண்டிய இடத்தைப் பாருங்கள். காலியான பார்க்கிங்கில் அரை மணி நேரம் எட்டுப் போட்டுப் பழகுங்கள். விழுந்துவிட்டால் பதறாமல் என்ஜினை ஆஃப் செய்யுங்கள், வலப்பக்கம் விழுந்திருந்தால் தூக்கும் முன்பே சைட் ஸ்டாண்டை இறக்கி, கியரில் போடுங்கள். முதுகை சீட்டுப் பக்கம் வைத்து, ஹேண்டிலை முழுக்கத் திருப்பிப் பிடித்து, காலால் தள்ளி எழுங்கள். முன்னால் குனிந்து கையால் தூக்கினால் இடுப்பு போய்விடும்.

பினாங்குப் பாலத்தில் மோட்டருக்கு டோல் 2019 முதல் இல்லை, ஆனால் காற்று இருக்கிறது. பெரிய ஃபேரிங்கும் பக்கப் பெட்டியும் பாய் கட்டிய படகு மாதிரி காற்றைப் பிடிக்கும். ஹேண்டிலை இறுக்கிப் பிடித்தால் வண்டி இன்னும் ஆடும். கையைத் தளர்த்தி, முழங்காலால் டாங்கைப் பிடித்து, வேகத்தைக் குறையுங்கள்.

முதல் நீண்ட ஓட்டத்துக்கு பாலிங், கிரிக் வழியாக ஜெலி போகும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையைச் சொல்வேன், ஆனால் வீட்டுப் பக்கம் ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்த பிறகு. விடியலிலேயே கிளம்புங்கள், மதியத்துக்கு மேல் மலையில் மழை பிடிக்கும். கிரிக்கில் டாங்கை நிரப்பாமல் மேலே ஏறாதீர்கள். இருட்டிய பிறகு அந்த ரோட்டில் யானை நிற்கும், அந்த நேரத்தில் அங்கே இருக்காதபடி கணக்குப் போடுங்கள். பெட்டியில் ஃபியூஸ், ஒரு கிளச் லீவர், டியூப்லெஸ் டயர் பஞ்சர் ஒட்டும் சாமான், சின்ன பம்ப், வயர், டார்ச் லைட்.

திரும்பி வந்ததும் குளிக்கப் போவதற்கு முன், மூன்று பிரேக் டிஸ்க் பக்கத்திலும் தொடாமல் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் தனியாகக் கொதித்தால் அந்தப் பக்கம் பிரேக் விடவில்லை, அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேலை அங்கேதான் தொடங்குகிறது.