முதல் கேரக்டர் ஷீட்: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட வரும் புதியவர்களுக்கு

நண்பர்கள் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடக் கூப்பிட்டிருப்பார்கள். "வரும்போது ஒரு கேரக்டர் செஞ்சு கொண்டு வா" என்று வாட்ஸாப்பில் ஒரு வரி போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். அந்த ஒரு வரிக்குள் எவ்வளவு வேலை ஒளிந்திருக்கிறது என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பினாங்கில் எங்கள் குழுவுக்குக் கதை நடத்தும் டன்ஜன் மாஸ்டர், சுருக்கமாக டிஎம், நான்தான். புதிதாக வருபவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன், இனி லிங்க் மட்டும் அனுப்பினால் போதும்.

விளையாட்டே தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் வெளியிட்டது. டிஎம் ஓர் உலகத்தை வாயால் வர்ணிப்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து, "நான் கதவை உடைக்கிறேன்", "நான் காவலாளியிடம் பொய் சொல்கிறேன்" என்று சொல்வார்கள். நடக்குமா நடக்காதா என்ற சந்தேகம் வந்தால் இருபது முகப் பகடையை உருட்டி, உங்கள் ஷீட்டில் உள்ள ஓர் எண்ணைக் கூட்ட வேண்டும். டிஎம் மனதில் வைத்திருக்கும் எண்ணை எட்டினால் காரியம் பலித்தது. எந்த இடத்தில் எந்த எண்ணைக் கூட்டுவது என்று சொல்லும் தாள்தான் கேரக்டர் ஷீட்.

தேவையானவை: ஒரு பென்சில் (பேனா வேண்டாம், எண்கள் மாறிக்கொண்டே இருக்கும்), ஒரு ரப்பர், ஷீட், ஏழு பகடை கொண்ட ஒரு செட். பகடையை ஷாப்பி மாதிரி இணையக் கடையில் வாங்கலாம், முதல் நாள் இரவலும் வாங்கலாம். விதிப்புத்தகம் வாங்க அவசரப்பட வேண்டாம். புதிய விதிகளின் அடிப்படைப் பகுதி 2025இல் இலவசமாகவே வெளியானது, இணையத்தில் இறக்கிக்கொள்ளலாம். கீழே நான் செய்துகாட்டும் பாத்திரத்துக்கு அதுவே போதும்.

முதலில் டிஎம்மிடம் கேளுங்கள்

எந்த விதிகள், 2014ஆ 2024ஆ? இதைக் கேட்காமல் ஆரம்பித்தால் பாதி வேலையை அழித்து எழுத வேண்டிவரும். 2014 விதிகளில் உங்கள் பாத்திரம் எந்த இனம் (எல்ஃபா, டுவார்ஃபா) என்பதைப் பொறுத்துத் திறன் எண்கள் கூடும். 2024இல் அது மாறிவிட்டது. பாத்திரத்தின் பழைய வாழ்க்கை, அதாவது பேக்கிரவுண்ட், அந்த எண்களைத் தருகிறது. யூடியூப் வீடியோக்களில் இரண்டும் கலந்து கிடக்கும். பார்க்கும்போது எந்த ஆண்டு விதி என்று கவனியுங்கள். நான் இங்கே எடுத்துக்கொள்வது 2024.

அடுத்த கேள்வி: மற்றவர்கள் என்ன ஆடுகிறார்கள்? இதைக் கேட்கப் பலருக்குக் கூச்சம். தனியாக ஒரு வாரம் உட்கார்ந்து, யாரையும் நம்பாத, யாரிடமும் பேசாத, மூலை நாற்காலியில் முக்காடு போட்டு உட்காரும் ஒருவனைச் செய்துகொண்டு வருவார்கள். சினிமாவில் அவன் நாயகன். எங்கள் மேசையில் அவன் மூன்று மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பான், மற்ற நான்கு பேரும் அவனைக் கெஞ்சி அழைத்துப் போக வேண்டியிருக்கும். இது கூட்டாக ஆடும் ஆட்டம். மற்றவர்களோடு சேர்ந்து போக ஒரு காரணம் உள்ள ஆளாகச் செய்யுங்கள். மற்ற எதில் தவறினாலும் டிஎம் சரிசெய்துவிடுவார், இதை மட்டும் நீங்கள்தான் செய்ய முடியும்.

கிளாஸ்

கிளாஸ் என்பது பாத்திரத்தின் தொழில் மாதிரி. அடிப்படை விதிப்புத்தகத்தில் பன்னிரண்டு. முதல்முறை ஆடுபவருக்கு என் பரிந்துரை ஃபைட்டர் அல்லது ரோக். ஃபைட்டர் முன்னால் நின்று அடிப்பான், அடி வாங்குவான், ஷீட்டும் சின்னது. ரோக் பதுங்குவான், பூட்டைத் திறப்பான், சரியான நேரத்தில் ஒரே அடி. விசார்ட், அதாவது மந்திரவாதி மீது எல்லோருக்கும் ஆசை இருக்கும், தெரியும். ஆனால் முதல் லெவலிலேயே மந்திரப் பட்டியலைப் படித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும், எது எப்போது தீரும் என்று கணக்கு வைக்க வேண்டும். படிக்கப் பொறுமை இருந்தால் தாராளமாக எடுங்கள்.

பூசாரி மாதிரியான கிளெரிக் எடுப்பவர்களுக்கு மட்டும் ஒன்று. கிளெரிக்குக்கு ஒரு தெய்வம் வேண்டும். நம் ஊர் மேசையில் கோயிலுக்குப் போகிறவர், பள்ளிவாசலுக்குப் போகிறவர், தேவாலயத்துக்குப் போகிறவர் எல்லோரும் இருப்பார்கள். வீட்டில் கும்பிடும் சாமியை இங்கே இழுக்காதீர்கள். அலைக்கு ஒரு தெய்வம், விளக்குக்கு ஒரு தெய்வம் என்று கற்பனையாக வைத்துக்கொண்டால் யாருக்கும் சங்கடம் இல்லை.

உதாரணத்துக்கு ஒரு ரோக் செய்வோம். பெயர் கயல்.

எங்கிருந்து வந்தவள்?

2024 விதிகளில் பேக்கிரவுண்டும் இனமும் சேர்ந்ததுதான் பூர்வீகம். இலவச விதிகளில் நான்கு பேக்கிரவுண்ட் உண்டு: அக்கோலைட் (கோயில் ஊழியர்), கிரிமினல் (குற்றவாளி), சேஜ் (அறிஞர்), சோல்ஜர் (படைவீரர்). கயலுக்குக் கிரிமினல்.

கிரிமினல் என்றதும் கத்தியோடு சந்தில் நிற்பவள் என்று நினைக்க வேண்டியதில்லை. கயல் ஒரு துறைமுக ஊரில் கிராணிக்கு, அதாவது கணக்கு எழுதும் குமாஸ்தாவுக்கு, எடுபிடியாக இருந்தவள். கப்பலிலிருந்து கிராம்பு மூட்டையும் ஜாதிக்காய் மூட்டையும் இறங்கும்போது எண்ணிச் சொல்வது அவள் வேலை. பத்து இறங்கினால் ஒன்பது என்பாள். அந்தப் பத்தாவது மூட்டை எங்கே போனது என்று முதலாளிக்கு மூன்று வருடம் தெரியவில்லை. தெரிந்த அன்று இரவே கயல் ஊரை விட்டுக் கிளம்பிவிட்டாள்.

இவ்வளவு போதும். நான்கைந்து வாக்கியம். இதற்காக இடைக்கால ஐரோப்பாவைப் படிக்க வேண்டியதில்லை. பினாங்கில் வெல்ட் கீ பக்கம் மரக்கால்கள் மேல் நிற்கும் ஜெட்டிகளை ஒரு மாலை நடந்து பாருங்கள். பாலேக் பூலாவில் ஜாதிக்காய் காய்வதைப் பாருங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து வந்தவர்களைப் பற்றிக் கேளுங்கள். யார் கடனுக்குப் பயந்து ஏறினார், யார் பெயரை மாற்றிச் சொன்னார் என்று ஒரு பத்து பாத்திரத்துக்குச் சரக்கு கிடைக்கும். ஊர்ப் பெயரை மாற்றி, வானத்தில் ஒரு டிராகனைப் பறக்கவிட்டால் ஃபேன்டசி ஆகிவிடும்.

இனத்துக்கு ஹாஃப்லிங்கை எடுத்திருக்கிறேன். உயரம் குறைவு, பெரிய ஆட்களுக்குப் பின்னால் ஒளியத் தெரியும், சுலபத்தில் பயப்படாது. எல்லாவற்றுக்கும் மேலாக, இருபது முகப் பகடையில் 1 விழுந்தால் ஹாஃப்லிங் மறுபடி உருட்டலாம். முதல் நாளிலேயே ஒன்றுக்கு மேல் ஒன்று விழுந்து முகம் சுருங்கிப் போகும் புதியவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

ஆறு எண்கள்

ஸ்ட்ரென்த் என்பது உடல் பலம். டெக்ஸ்டெரிட்டி கைகால் லாவகம். கான்ஸ்டிட்யூஷன் அடியைத் தாங்கும் தெம்பு. இன்டெலிஜென்ஸ் படிப்பறிவு, விஸ்டம் சூழலைக் கவனிக்கும் புத்தி, கரிஸ்மா பேசி மயக்கும் திறமை.

எண்களைப் பெற மூன்று வழி உண்டு. நான்கு ஆறுமுகப் பகடையை உருட்டி, குறைந்ததைத் தள்ளிவிட்டு மூன்றைக் கூட்டுவது ஒன்று. உருட்டச் சுவாரஸ்யம், ஆனால் ஒருவருக்கு எல்லாம் 16, பக்கத்தில் இருப்பவருக்கு எல்லாம் 9 என்று வந்தால் ஆட்டம் முழுக்க முணுமுணுப்பு. 27 புள்ளியைச் செலவழித்து வாங்குவது இன்னொன்று. புதியவர்களுக்கு மூன்றாவதே நல்லது: 15, 14, 13, 12, 10, 8 என்ற ஆறு எண்களையும் விருப்பம்போல் பிரித்துப் போடுங்கள்.

கயலுக்கு டெக்ஸ்டெரிட்டி 15, கரிஸ்மா 14, கான்ஸ்டிட்யூஷன் 13, விஸ்டம் 12, இன்டெலிஜென்ஸ் 10, ஸ்ட்ரென்த் 8. கிரிமினல் பேக்கிரவுண்ட் டெக்ஸ்டெரிட்டி, கான்ஸ்டிட்யூஷன், இன்டெலிஜென்ஸ் மூன்றில் ஒன்றுக்கு 2, இன்னொன்றுக்கு 1 கூட்ட விடும். ஆக டெக்ஸ்டெரிட்டி 17, கான்ஸ்டிட்யூஷன் 14.

ஆட்டத்தில் இந்தப் பெரிய எண்களைப் பெரும்பாலும் யாரும் கேட்க மாட்டார்கள். அவற்றிலிருந்து வரும் சின்ன எண், மாடிஃபையர், அதுதான் வேலை செய்யும். 10இலிருந்து எவ்வளவு தூரம் என்று பார்த்து இரண்டால் வகுத்து, மிச்சம் வந்தால் கீழ்ப்பக்கம் தள்ளுங்கள். 17 என்றால் +3. 14 என்றால் +2. 12க்கு +1, 10க்குப் பூஜ்யம், 8க்கு −1.

அந்த 8ஐப் பார்த்துக் கவலைப்படாதீர்கள். கயலால் மூட்டை தூக்க முடியாது, அதனால்தான் எண்ணும் வேலைக்குப் போனாள். குறைந்த எண் இருக்கும் இடத்தில்தான் மேசையில் சிரிப்பு வரும்.

மீதிக் கணக்கு

உயிர்ப் புள்ளி, அதாவது எச்பி: ரோக்குக்கு முதல் லெவலில் 8, அதோடு கான்ஸ்டிட்யூஷன் +2. மொத்தம் 10. எதிரி உங்களை அடிக்க எட்ட வேண்டிய எண் ஏசி: தோல் கவசம் 11, டெக்ஸ்டெரிட்டி +3, ஆக 14. பயிற்சி உள்ள எல்லாவற்றுக்கும் முதல் லெவலில் +2 சேரும், இதுதான் ப்ரொஃபிஷன்சி போனஸ்.

பயிற்சிகளில் ஸ்டெல்த்தும் (பதுங்குவது) ஸ்லைட் ஆஃப் ஹேண்டும் (கைச்சாமர்த்தியம்) பேக்கிரவுண்டிலேயே வந்துவிடும். ரோக் கிளாஸ் இன்னும் நான்கு தரும். டிசெப்ஷன் (பொய்), பெர்சுவேஷன் (பேசிச் சம்மதிக்க வைப்பது), பெர்செப்ஷன் (கவனிப்பது), இன்சைட் (மனதைப் படிப்பது) எடுத்தேன். இந்த ஆறில் இரண்டுக்கு ரோக் இரட்டைப் பயிற்சி பெறலாம், அதாவது +2 இரண்டு முறை சேரும். ஸ்டெல்த்துக்குப் போட்டால் டெக்ஸ்டெரிட்டி 3, பயிற்சி 2, இன்னொரு 2 சேர்ந்து +7. டிசெப்ஷனுக்குப் போட்டால் கரிஸ்மா 2, அதே 2, 2 சேர்ந்து +6. பத்தை ஒன்பது என்று மூன்று வருடம் சொன்னவளுக்கு +6 நியாயம்தான்.

வில்லால் எய்ய 3, 2 சேர்ந்து +5. பட்டால் ஓர் ஆறுமுகப் பகடையோடு 3. இதற்கு மேல்தான் ரோக்கின் உயிர்நாடியான ஸ்னீக் அட்டாக், எதிரி அசந்திருக்கும்போது கிடைக்கும் கூடுதல் சேதம். இதை ஒரு சண்டையில் வைத்துக் காட்டுகிறேன்.

கிடங்குக்குள் கோப்ளின் என்ற ஒரு குட்டி அரக்கன். அதன் ஏசி 15, எச்பி 10. கயல் பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து எய்கிறாள். பகடையில் 12, கூட்ட 5, மொத்தம் 17. பட்டுவிட்டது. சேதப் பகடையில் 2, கூட்ட 3, மொத்தம் 5. கோப்ளின் இன்னும் நிற்கிறது, அடுத்து அதன் முறை. இப்போது அதே அம்பை, கோப்ளினுக்குப் பக்கத்தில், ஐந்தடிக்குள், குழுவின் ஃபைட்டர் நிற்கும்போது எய்ததாக வையுங்கள். கோப்ளினின் கவனம் அவனிடம். கயலுக்கு இன்னோர் ஆறுமுகப் பகடை கிடைக்கிறது, அதில் 5. மொத்தம் 10. கோப்ளின் சாய்ந்தது.

பகடையில் அட்வான்டேஜ் (இரண்டு முறை உருட்டிப் பெரியதை எடுப்பது) கிடைக்கும்போதும் ஸ்னீக் அட்டாக் வரும். ஆனால் முதல் லெவலில் நம்பக்கூடிய வழி, பக்கத்தில் ஒரு கூட்டாளி நிற்பதுதான். கிரிமினல் பேக்கிரவுண்ட் தரும் அலர்ட் என்ற சலுகையும் அப்படியே: சண்டையில் முந்துவதற்கு +2 தரும், உங்கள் இடத்தைச் சம்மதிக்கும் நண்பரோடு மாற்றிக்கொள்ளவும் விடும். மூலையில் முக்காடு போட்டு உட்காரும் ரோக்கை விதியே கண்டுகொள்வதில்லை.

ஆளாக மாற்றுவது

எண்கள் முடிந்தபின் ஷீட்டின் பின்பக்கத்தில் மூன்று விஷயம் எழுதுங்கள்.

குழுவோடு ஏன் போகிறாள்? கயலின் கடைசிக் கணக்கை அழித்துக் காப்பாற்றியது குழுவின் ஃபைட்டர்தான் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த ஃபைட்டரை ஆடுபவரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அவருக்கும் அது ஒரு கதை.

உயிரோடு யார் இருக்கிறார்கள்? அம்மா அப்பா கொலை, ஊர் எரிந்தது, ஒருவரும் மிச்சமில்லை என்று எழுதி வருபவர்கள் அதிகம். டிஎம் கையில் ஒன்றும் மிஞ்சாது. கயலுக்குத் துறைமுகத்தில் இன்னும் பலகாரம் விற்கும் ஓர் அத்தை இருக்கிறாள். அந்த அத்தையை வைத்து நான் ஒரு மாதம் கதை ஓட்டுவேன்.

அவளுக்கே தெரியாதது என்ன? அந்தப் பத்தாவது மூட்டைகளில் ஒன்றில் கிராம்பு இல்லை. வேறென்ன இருந்தது என்று நீங்கள் முடிவு செய்யாதீர்கள், டிஎம்முக்கு விட்டுவிடுங்கள்.

குரல் மாற்றிப் பேச வேண்டுமா என்று எல்லோரும் கேட்பார்கள். வேண்டாம். "கயல் அவனிடம் சிரித்துப் பேசிக் கதவைத் திறக்க வைக்கப் பார்க்கிறாள்" என்று சொன்னாலே போதும். எங்கள் மேசையில் பாதி தமிழ், மீதி மலாயும் ஆங்கிலமும். யாரும் இலக்கணம் பார்ப்பதில்லை.

முடித்ததும் ஷீட்டை ஒரு படம் எடுத்து முந்தின நாளே டிஎம்முக்கு அனுப்புங்கள். கூட்டல் பிசகியிருந்தால் அங்கேயே திருத்திவிடுவார், அத்தையின் பெயரையும் குறித்துக்கொள்வார். இரண்டு மூன்று செஷன் ஆடிப் பார்த்தும் பாத்திரம் ஒட்டவில்லை என்றால் தயங்காமல் சொல்லுங்கள். கயல் ஏதோ ஒரு துறைமுகத்தில் இறங்கிப் போய்விடுவாள், அடுத்த வாரம் நீங்கள் அந்த விசார்டோடு வந்து உட்காரலாம்.